அமெரிக்கக் காசு நின்றால் நமக்கென்ன?

அமெரிக்காக்காரன் தன் காசைக் கொடுத்தான், இப்போது வேண்டாமென்று நிறுத்துகிறான், இதில் நமக்கு என்ன வந்தது? 2025 தொடக்கத்திலிருந்து இந்தக் கேள்வியைப் பலரிடமிருந்து கேட்டுவிட்டேன். இங்கே மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் தேநீர் குடிக்கும்போது கேட்டார்கள், கோயில் அன்னதானப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார், என் வகுப்பிலேயும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். மக்கள்தொகை, பொதுச் சுகாதாரம் என்று பாடம் நடத்திப் பிழைக்கிற எனக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. வெளிநாட்டு உதவி என்பது ஒருநாள் நின்றுதான் ஆக வேண்டும், நிற்பதுதான் நல்லது. ஆனால் யார் கையில் ஒப்படைத்துவிட்டு, எவ்வளவு அவகாசம் கொடுத்துவிட்டு நிற்கிறது என்பதில்தான் மனித உயிர்கள் இருக்கின்றன. பயணியை ஸ்டாப்பில் இறக்கிவிடுவதும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து தள்ளிவிடுவதும் ஒன்றாகுமா?

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 20-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, அதிபர் டிரம்ப் வெளிநாட்டு வளர்ச்சி உதவிகளை 90 நாள் நிறுத்திவைத்து மறுஆய்வு செய்ய உத்தரவிட்டார். அந்த வாரமே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த திட்டங்களுக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி ஆணை போனது. மறுஆய்வுக்குச் சொன்ன 90 நாள் முடிவதற்குள்ளேயே, மார்ச் 10-ஆம் தேதி, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டின் திட்டங்களில் 83 விழுக்காடு, அதாவது சுமார் 5,200 ஒப்பந்தங்கள் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். 1961-இல் கென்னடி காலத்தில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு ஜூலை 1-ஆம் தேதி வெளியுறவுத் துறைக்குள் கரைந்து இல்லாமல் போனது.

அமெரிக்காவை மட்டும் சொல்லிப் பயனில்லை. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தருவது என்று ஐநா 1970-இல் வைத்த இலக்கை எட்டிய சில நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. அது 2021-இல் 0.5-க்கு இறங்கியது, 2027-க்குள் 0.3-க்கு இறங்கப்போகிறது, மிச்சமாகும் பணம் ராணுவத்துக்கு. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து எல்லாமே வெட்டியிருக்கின்றன. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: 2023-இல் பிரிட்டன் கணக்குக் காட்டிய உதவிப் பணத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அந்த நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை, தஞ்சம் கேட்டு வந்தவர்களை அங்கே ஹோட்டலில் தங்கவைப்பது போன்ற செலவுகளுக்கே போய்விட்டது.

இத்தனைக்கும் தொகை எவ்வளவு பெரியது? 2024-இல் பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்த அதிகாரபூர்வ உதவி 212.1 பில்லியன் டாலர், அவர்களின் கூட்டு வருமானத்தில் 0.33 விழுக்காடு. அமெரிக்க மத்திய அரசின் செலவில் வெளிநாட்டு உதவி சுமார் 1 விழுக்காடுதான். ஆனால் அங்கே கருத்துக்கணிப்பில் மக்களைக் கேட்டால் சராசரியாக 26 விழுக்காடு இருக்கும் என்கிறார்கள். வெட்டினால் வீட்டுக்கு நிறைய மிச்சமாகும் என்ற நினைப்பு இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

உயிர்காக்கும் உதவிகளுக்கு விலக்கு உண்டு என்று ஜனவரி கடைசியிலேயே அறிவித்துவிட்டார்களே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விலக்கு காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பணத்தை விடுவிக்க வேண்டிய ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, பணம் பட்டுவாடா செய்யும் முறையே முடங்கிக் கிடந்தது. தாய்லாந்து-மியன்மார் எல்லையிலுள்ள அகதி முகாம்களில் அமெரிக்கப் பணத்தில் நடந்த கிளினிக்குகள் மூடப்பட்டு, ஆக்சிஜனில் இருந்த நோயாளிகள்கூட வீட்டுக்கு அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நம் வடக்கு எல்லையைத் தாண்டினால் வரும் நாட்டில் நடந்தது இது. மார்ச் 28-ஆம் தேதி மியன்மாரில் 7.7 அளவில் பூகம்பம் வந்தபோது, அங்கே உதவிக்குப் போயிருந்த யூஎஸ்எய்ட் ஊழியர்கள் மூன்று பேருக்கு இடிபாடுகளுக்கு நடுவே இருக்கும்போதே பணிநீக்க அறிவிப்பு வந்தது.

லான்செட் மருத்துவ இதழில் ஜூன் 30-ஆம் தேதி ஒரு கணக்கு வெளியானது. இந்த வெட்டுகள் இப்படியே தொடர்ந்தால் 2030-க்குள் கூடுதலாக 1 கோடியே 40 லட்சம் பேர் இறக்கக்கூடும், அதில் 45 லட்சம் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். இந்த எண் வாட்ஸ்அப்பில் பலவிதமாகச் சுற்றியது, ஏற்கெனவே இறந்துவிட்டார்கள் என்றுகூடச் சிலர் போட்டார்கள். அது தவறு. கடந்த இருபது ஆண்டுகளில் யூஎஸ்எய்ட் பணம் அதிகம் போன நாடுகளில் இறப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதை வைத்து முன்னோக்கிப் போட்ட கணக்கு அது. மற்ற நாடுகளும் உள்நாட்டு அரசுகளும் எவ்வளவு தூரம் ஈடுகட்டுகின்றன என்பதைப் பொறுத்து உண்மை எண் மாறும். ஆனால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க நமக்கு என்ன வழி என்று யோசித்தபோதுதான் என்னை உண்மையில் உலுக்கிய விஷயம் வந்தது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டிஎச்எஸ் என்று ஒரு கணக்கெடுப்புத் திட்டம், மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பு. 1984-இல் யூஎஸ்எய்ட் பணத்தில் தொடங்கியது. 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் 400-க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகள். இந்தியாவின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ரத்தசோகை இத்தனை விழுக்காடு, சிசு மரணம் இவ்வளவு என்று வருகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்தில் வளர்ந்ததுதான். பிறப்பு இறப்புப் பதிவு சரியாக இல்லாத நாடுகளில் எத்தனை குழந்தைகள் சாகின்றன என்பது உலகத்துக்குத் தெரிந்ததே இதன் வழியாகத்தான்.

எப்படித் தெரிகிறது? களப்பணியாளர், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண், வீட்டுக்குள் போய் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்ணிடம் உட்கார்ந்து பேசுகிறார். நீங்கள் பெற்ற முதல் குழந்தை ஆணா பெண்ணா, எந்த மாதம், எந்த வருடம் பிறந்தது, இப்போது உயிரோடு இருக்கிறதா? இல்லை என்றால், எத்தனை வயதில் போனது? ஒரு மாதத்துக்குள் என்றால் நாள் கணக்கில் எழுத வேண்டும், இரண்டு வயதுக்குள் என்றால் மாதக் கணக்கில், அதற்கு மேல் வருடக் கணக்கில். அப்புறம் இரண்டாவது குழந்தை. அப்புறம் மூன்றாவது. பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு வரிசை, இறந்த பிள்ளைக்கும் உயிரோடு இருக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு இடம். வினாத்தாளை முதல்முறை வகுப்பில் காட்டும்போது சில மாணவிகள் அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதன்பின் குழந்தையைப் பலகையில் கிடத்தி நீளம் அளப்பார்கள், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கேயே கருவியில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், அளவு மிகவும் குறைந்திருந்தால் உடனே மருத்துவரிடம் போகச் சொல்வார்கள்.

2025 பிப்ரவரியில் இந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். பாதிக் களப்பணியில் இருந்த நாடுகள் பாதியில் நின்றன. கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால நிதி கொடுத்ததால் சில கணக்கெடுப்புகள் பிழைத்தன, நல்லது, ஆனால் ஒரு தனியார் அறக்கட்டளையின் தயவில் உலகத்தின் குழந்தை இறப்புக் கணக்கு நிற்பதை நிரந்தர ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பஞ்சம் வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் ஃபியூஸ்நெட் என்ற அமைப்பும், எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு 1985-இல் வந்தது, 2025 ஜனவரியிலேயே இணையத்திலிருந்து காணாமல் போனது. பல மாதம் கழித்துத்தான் ஓரளவு திரும்பி வந்தது.

என்னிடம் ஆய்வு செய்யும் ஒரு மாணவி, கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போன நேப்பாளக் குடும்பங்களில் தாய்மாரின் ரத்தசோகை பற்றி எழுதுகிறார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பிகளைப் பார்த்து வந்த யோசனை அது. நேப்பாளத்தில் 1996, 2001, 2006, 2011, 2016, 2022 என்று ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை டிஎச்எஸ் நடந்திருக்கிறது. "அடுத்தது எப்போ வரும் சார்?" என்று கேட்டார். 2022 வரை உள்ளதை வைத்து ஆய்வை முடித்துவிடலாம், அவருக்குப் பட்டம் வந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு அந்த மலைக் கிராமங்களில் நிலைமை கூடியதா குறைந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? நிதியை வெட்டியதால் இறப்பு கூடியது என்று நாளை ஒருவர் சொன்னால், ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். ஆதாரம் தந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பையும் அதே கையெழுத்து நிறுத்திவிட்டது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

மலேசியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். 1976-77-இல் தீபகற்ப மலேசியாவில் 1,262 வீடுகளில் மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு என்று ஒன்று நடந்தது. ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நடத்தியது, பணம் யூஎஸ்எய்ட் கொடுத்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்தத் தரவை வைத்து 1980-களில் வந்த ஒரு முக்கியமான முடிவு: குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத வீடுகளில்தான் தாய்ப்பால் குழந்தையின் உயிரை மிக அதிகமாகக் காப்பாற்றுகிறது. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்கள், பொதுக்குழாயில் வரிசை நின்று தண்ணீர் பிடித்த அம்மாமார்களைப் பார்த்தவர்கள், இது எதைப் பற்றிய கண்டுபிடிப்பு என்று உடனே புரிந்துகொள்வார்கள். உலகத் தாய்ப்பால் வாரத்தை நடத்தும் வாபா அமைப்பின் தலைமையகம் இதே பினாங்கில்தான் இருக்கிறது, 1991-இலிருந்து.

மலேசியாவுக்கு இன்று அப்படி ஒரு கணக்கெடுப்பு அமெரிக்கப் பணத்தில் தேவையில்லை. நம்மிடம் தேசியப் பதிவிலாகா இருக்கிறது, புள்ளிவிவரத் துறை இருக்கிறது. ஆனாலும் பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லாமல் நம் சமூகத்திலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிச் சேர்க்கையின்போது அந்தக் குடும்பங்கள் படும் பாடு நமக்குத் தெரியும். கணக்கில் இல்லாத பிள்ளைக்கு எதுவும் போய்ச் சேராது என்பதை மலேசியத் தமிழர்களுக்கு நான் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உதவி என்றாலே புனிதமானதா? இல்லவே இல்லை. அதற்கு உதாரணம் வெளியே எங்கும் தேட வேண்டாம், கிளந்தானில் ஜெலி பக்கம் இருக்கும் பெர்காவ் அணையே போதும். 1988-இல் பிரிட்டன் மலேசியாவுக்குச் சுமார் 100 கோடி பவுண்டு ஆயுதம் விற்கப் பேச்சு நடத்தியபோது, அதோடு உதவிப் பணத்தையும் முடிச்சுப் போட்டார்கள். அதில் வந்ததுதான் பெர்காவுக்கான 23 கோடியே 40 லட்சம் பவுண்டு. இந்த அணை மின்சாரம் தயாரிக்கச் சிக்கனமான வழியல்ல, மலேசியர்களுக்குத்தான் செலவு கூடும் என்று பிரிட்டனின் உதவித் துறைச் செயலாளர் டிம் லங்கெஸ்டர் எழுத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்தார். அமைச்சர்கள் கேட்கவில்லை. 1994 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த உதவியைச் சட்டவிரோதம் என்றது. வளர்ச்சிக்கென்று ஒதுக்கிய பணத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற சட்டம் 2002-இல் அங்கே வந்ததற்கு இந்த அணையும் ஒரு காரணம்.

இதைச் சொல்லித்தான் சிலர், பார்த்தீர்களா, உதவியே மோசடி, நிறுத்தியது சரி என்கிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. பெர்காவ் வெளியே வந்தது எப்படி? தணிக்கை அறிக்கை இருந்தது, எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்த அதிகாரி இருந்தார், வழக்குப் போட்ட தன்னார்வ அமைப்பு இருந்தது, நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டது. கெட்ட திட்டத்தை நல்ல திட்டத்திலிருந்து பிரித்தெடுக்க இவ்வளவும் வேண்டியிருந்தது. 2025-இல் சில வாரங்களில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களை ரத்து செய்தபோது அப்படி யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. ஆலோசகர்களுக்குக் கொட்டிக் கொடுத்த திட்டமும் போனது, எச்ஐவி மருந்து வாங்கிக் கொடுத்த திட்டமும் போனது.

நல்லபடியாக நின்ற உதவிக்கு ஒரு உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கினார், ஊர்மக்களின் நன்கொடையோடு. 1961-இலிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உணவுப் பொருள்கள் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கோதுமை, பால் பவுடர் என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் சமையல்கூடம், சமைக்கும் ஆள், பள்ளி நிர்வாகம் எல்லாம் மாநிலத்தின் கையில்தான் இருந்தது. 1982-இல் எம்ஜிஆர் சத்துணவுத் திட்டமாக அதைப் பெரிதாக விரித்தபோது மாநில பட்ஜெட்டே சுமந்தது. வெளியிலிருந்து வந்த பொருள் நின்றபோது சாப்பாடு நிற்கவில்லை, ஏனென்றால் ஏற்றுக்கொள்ள ஒரு கை ஏற்கெனவே தயாராக இருந்தது, அந்தக் கை தயாராக இருபது ஆண்டுகள் பிடித்தன.

சீனா வந்து அந்த இடத்தை நிரப்பும் என்கிறார்கள். மலேசியாவின் கிழக்குக்கரை ரயில் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செலவில் 85 விழுக்காடு சீன எக்சிம் வங்கியின் கடன். ரயில் பாதை வேண்டும்தான், ஆனால் அது கடன், திருப்பித் தர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஐந்தாண்டில் 50 கோடி டாலர் தருவதாக 2025 மே மாதம் சீனா சொன்னது, அது வரவேற்க வேண்டியது. கிராமம் கிராமமாகப் போய் இறந்த குழந்தையின் வயதை நாள் கணக்கில் எழுதும் வேலைக்கு இன்னும் அவர்கள் வரவில்லை.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். மலேசியாவில் ஐநா அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர், பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அதில் ரொஹிங்யாக்கள் அதிகம். பினாங்கில் கட்டட வேலை, சந்தை வேலை, குப்பை அள்ளும் வேலை என்று எங்கும் பார்க்கலாம். மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே அவர்கள் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது, பெற்றோருக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது. கடைவீட்டு மாடிகளில் தொண்டர்கள் நடத்தும் கற்றல் மையங்கள்தான் பள்ளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆணையத்தின் அட்டையைக் காட்டினால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, அந்தப் பாதியே பிரசவம் என்றால் ஆயிரக்கணக்கான ரிங்கிட். ஆணையத்துக்கு வந்த நிதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்தது. 2025 ஜூனில் அந்த ஆணையம் உலகெங்கும் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. பதிவுக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இதன் அர்த்தம் எளிது: அட்டை தாமதம், அட்டை இல்லையென்றால் தள்ளுபடி இல்லை, கைதாகும் பயம் கூட.

நம் ஆட்கள் சிலர் சொல்வது காதில் விழுகிறது. நம் பிள்ளைகளுக்கே உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை, மலேசிய இந்தியர் மேம்பாட்டுக்கான அரசு அமைப்பு மித்ராவின் 100 மில்லியன் ரிங்கிட் எங்கே போகிறது என்று தெரியவில்லை, இதில் இவர்களைப் பற்றி என்ன கவலை? அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு, மித்ரா கணக்கை விடாமல் கேட்க வேண்டும் என்பதிலும் உடன்பாடுதான். ஆனால் இரண்டும் ஒரே பானையிலிருந்து வருகிற சோறு இல்லை. அகதிப் பிள்ளையின் கற்றல் மையம் மூடினால் அந்தக் காசு நம் தமிழ்ப்பள்ளிக்கு வந்து சேராது. மூடியபின் அந்தப் பையன் சந்தையில் மூட்டை தூக்குவான், தடுப்பூசி போடாத தங்கை நம் பிள்ளைகள் விளையாடும் அதே திடலில் விளையாடுவாள்.

தாய்லாந்து இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. எல்லை முகாம்களுக்கு வந்த உணவு உதவி 2025 ஜூலை கடைசியில் பெரும்பாலோருக்கு நின்றது. ஆகஸ்டில், முகாம்களில் நீண்டகாலமாக இருக்கும் அகதிகள் வெளியே போய்ச் சட்டப்படி வேலை செய்யலாம் என்று தாய்லாந்து அமைச்சரவை முடிவு செய்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக இங்கே நாம் பேசிப் பேசித் தள்ளிப்போடும் அதே முடிவு. எந்தக் கொடை நாட்டின் பணமும் இதற்குத் தேவையில்லை. வேலை செய்பவர் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்குச் சந்தா கட்டுவார், ஆஸ்பத்திரிக் கட்டணத்தை அவரே கட்டுவார், முதலாளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போவார்.

இன்னொன்றும் நம்மால் முடியும். மலேசியா 1980-இலிருந்து எம்டிசிபி என்ற தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தில் வளரும் நாடுகளின் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது, 140-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் ஆட்கள் நம் தொழிற்சாலைகளையும் தோட்டங்களையும் நடத்துகிறார்கள். அந்த நாடுகளின் கணக்கெடுப்புப் பணியாளர்களுக்கு நம் புள்ளிவிவரத் துறையும் பல்கலைக்கழகங்களும் பயிற்சி கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு மேம்பாலத்தின் செலவில் சிறு பகுதிகூட இருக்காது. இதை என் துறைக் கூட்டத்தில் எழுத்தில் முன்வைத்திருக்கிறேன், மற்றப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் தமிழ் விரிவுரையாளர்களும் தங்கள் துறைகளில் முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நேப்பாளத்தின் ஐந்தாண்டு வரிசைப்படி பார்த்தால் அடுத்த கணக்கெடுப்பு 2027 வாக்கில் வந்தாக வேண்டும். களப்பணிக்கு ஆள் எடுப்பதும் வினாத்தாளை உள்ளூர் மொழிகளில் தயார் செய்வதும் அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தொடங்கும் வேலை.